எந்தப் பள்ளியில் போடலாம், டீச்சர்?

நவம்பர் மாதத் தொடக்கத்தில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தால் என் கணவர் எடுக்கமாட்டார். "உனக்குத்தான். யார் வீட்டுக்காவது கடிதம் வந்திருக்கும்" என்பார். சிங்கப்பூரில் தொடக்கநிலை 3 படிக்கும் பிள்ளைகளில் மீத்திறன் கல்வித் திட்டத்துக்குத் தேர்வானவர்களின் பெற்றோருக்குக் கல்வி அமைச்சின் கடிதம் போய்ச் சேர்ந்துவந்த நேரம் அது. தமிழ்க் குடும்பமாக இருந்தால் யார் மூலமாகவாவது என் எண் அவர்களுக்குக் கிடைத்துவிடும். அக்கம்பக்கப் பள்ளியிலும் தமிழ் கற்பித்தேன், மீத்திறன் வகுப்புகள் இருந்த பள்ளியிலும் கற்பித்தேன். அதனால் இரண்டு பக்கமும் தெரிந்தவள் என்று எனக்கு ஒரு பெயர்.

கேள்வி எப்போதும் ஒன்றுதான். இருக்கிற பள்ளியிலேயே விடலாமா, மீத்திறன் வகுப்பு உள்ள பள்ளிக்கு மாற்றலாமா?

நான் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்பேன்: "இப்போ படிக்கிற இடத்துல பிள்ளைக்கு என்ன குறையுது?"

பெரும்பாலும் மறுமுனையில் ஒரு தயக்கம் வரும். "குறைன்னு ஒண்ணும் இல்ல டீச்சர். நல்லாத்தான் படிக்கிறான். ஃபிரண்ட்ஸ் எல்லாம் இருக்காங்க."

"அப்புறம் ஏன் மாத்தணும்?"

"இடம் கிடைச்சிருக்கே, டீச்சர்!"

இந்த ஒரு பதிலை எத்தனை குரலில் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. படித்த பெற்றோர், படிக்காத பெற்றோர், வாடகை வீட்டில் இருந்தவர்கள், புக்கிட் தீமாவில் தரைவீடு வைத்திருந்தவர்கள் என்று யாரும் இதற்கு விலக்கில்லை. கிடைத்ததை விட்டால் நட்டம் என்ற கணக்கு எல்லோருக்கும் பொது.

நான் வேலைக்குச் சேர்ந்த 1980களின் தொடக்கத்தில் இந்தக் கேள்வியே எழ வழியில்லை. அப்போது நடப்பில் இருந்த புதிய கல்வி முறையில் தொடக்கநிலை 3 முடிவிலேயே பிள்ளைகளைத் தரம் பிரித்தார்கள். மெதுவாகப் படிக்கிறவர்களுக்கு ஆறாண்டுத் தொடக்கக் கல்வியை எட்டாண்டாக நீட்டினார்கள். பாதியில் படிப்பை விட்டு நிற்கும் பிள்ளைகளைக் குறைப்பதுதான் அன்றைய பெரிய கவலை. ஆசிரியர் அறையில் பேச்செல்லாம் பின்தங்கியவர்களைப் பற்றித்தான் இருக்கும். முந்தி ஓடுகிற பிள்ளையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. "அவன் தானாப் படிச்சுக்குவான்" என்பார்கள்.

வடக்கு வட்டாரத்தில் ஓர் அக்கம்பக்கப் பள்ளி. வேறொரு ஆசிரியர் வராத நாளில் மாற்று ஆசிரியராக நாலாம் வகுப்பு ஒன்றில் போய் உட்கார்ந்தேன். நாற்பது பிள்ளைகள். கணிதத் தாள் கொடுத்துவிட்டுப் போயிருந்தார் வகுப்பாசிரியர். பத்து நிமிடத்தில் ஒரு பையன் முடித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்தில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தான். கிட்டப்போய்ப் பார்த்தேன். அவன் வீட்டுப் பக்கம் ஓடும் பேருந்துகளின் தடங்கள். நிறுத்தங்களுக்கெல்லாம் புள்ளி வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் நேரம் எழுதியிருந்தான். இரண்டு பேருந்து சேர்ந்தாற்போல் வந்து நிற்பதும், பிறகு வெகுநேரம் ஒன்றுமே வராமல் இருப்பதும் ஏன் என்று அவனுக்கு ஒரு சந்தேகம். முதல் பேருந்து தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேரும், கூட்டம் ஏறுவதால் இன்னும் தாமதமாகும், பின்னால் வருகிற பேருந்து ஆள் இல்லாமல் வேகமாக வந்து இதை எட்டிப் பிடித்துவிடும். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை, யாரும் சொல்லித்தராமல் அதைக் கண்டுபிடித்திருந்தான்.

வகுப்பாசிரியரிடம் மறுநாள் சொன்னேன். அவருக்கும் அவன் கெட்டிக்காரன் என்று தெரியும். "சீக்கிரம் முடிச்சிடுவான். அதனால புத்தகம் அடுக்க, பக்கத்துல இருக்கறவனுக்குச் சொல்லித்தர விடுவேன்" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்பது பிள்ளைகளில் பதினைந்து பேருக்கு வகுத்தல் வரவில்லை. அவர் நேரம் அங்கேதான் போகவேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பையனுக்கு அந்த ஆண்டு முழுவதும் பள்ளியில் கிடைத்தது உதவியாளர் வேலைதான்.

1984ல் மீத்திறன் கல்வித் திட்டம் தொடங்கியது. கல்வித் துணையமைச்சராக இருந்த டாக்டர் டே எங் சூன் முன்னின்று கொண்டுவந்தது. முதலில் ரோசித், ராஃபிள்ஸ் பெண்கள் தொடக்கப்பள்ளி என்று இரண்டே தொடக்கப்பள்ளிகள். ராஃபிள்ஸ் கல்விநிலையம், ராஃபிள்ஸ் பெண்கள் பள்ளி என்று இரண்டு உயர்நிலைப்பள்ளிகள். எங்கள் ஆசிரியர் அறையில் வரவேற்பு அவ்வளவு இல்லை. "நாம வளர்த்த நல்ல பிள்ளைங்களை அவங்க பிடுங்கிட்டுப் போறாங்க" என்று முணுமுணுத்தார்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் பள்ளிக்குப் பெயர் வாங்கித் தரக்கூடிய பிள்ளை மூன்றாம் வகுப்போடு போய்விடுகிறதே என்ற ஆதங்கம். அந்தப் பேச்சிலும் பிள்ளைக்கு என்ன தேவை என்பது வரவில்லை.

பிறகு பள்ளிகள் கூடி ஒன்பதாயின. தொடக்கநிலை 3ல் ஆகஸ்டு மாதம் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் முதல் சுற்று. அதில் தேறியவர்களுக்கு அக்டோபரில் பொது ஆற்றலையும் சேர்த்து இரண்டாம் சுற்று. கடைசியில் ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுப் பிள்ளைகள் இடம் பெற்றார்கள். சேர்ந்தவர்கள் நாலாம் வகுப்பிலிருந்து ஆறுவரை சுமார் 25 பேர் கொண்ட வகுப்பில் இருப்பார்கள். பாடத்திட்டம் அதேதான், அதே இறுதித் தேர்வுதான். ஒவ்வொன்றையும் ஆழமாகவும் அகலமாகவும் தோண்டுவார்கள், அவ்வளவே. மேல்வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்திவிடுவார்கள் என்று நினைத்துச் சேர்த்த பெற்றோர் பலர் ஏமாந்தார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. அந்த ஒன்பதில் கத்தோலிக் உயர்நிலைப் பள்ளியின் தொடக்கநிலைப் பிரிவு, நான் ஹுவா, நன்யாங், தாவ் நான் ஆகிய நான்கும் சீனமொழிக்குச் சிறப்பிடம் தரும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். அங்கே தமிழ் கிடையாது. மிச்சம் ஐந்து. அதிலும் பார்க்கர் சாலையிலிருக்கும் ஆங்கிலோ சீனத் தொடக்கப்பள்ளி ஆண்பிள்ளைகளுக்கு, ஹில்கிரெஸ்ட் சாலையிலிருக்கும் ராஃபிள்ஸ் பெண்கள் தொடக்கப்பள்ளி பெயரிலேயே தெரிகிறது. ஆக, எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் நான்குதான். ஹாலந்து பக்கம் ஹென்றி பார்க், சிராங்கூன் நார்த்தில் ரோசித், தெம்பனிஸில் செயின்ட் ஹில்டாஸ், கூடவே பையனுக்கு ஒன்று அல்லது பெண்ணுக்கு ஒன்று. ஜூரோங் வெஸ்டில் இருந்தாலும் ஊட்லண்ட்ஸில் இருந்தாலும் ஒன்பது முடிந்த பிள்ளை விடியுமுன் எழுந்து பள்ளிப் பேருந்து ஏறவேண்டும். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு "எந்தப் பள்ளி?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் வரைபடத்தைத்தான் எடுக்கச் சொல்வேன்.

எனக்கு மாற்றல் கிடைத்து மீத்திறன் வகுப்புள்ள பள்ளி ஒன்றுக்குப் போனபோது, தமிழாசிரியருக்கு மட்டும் வாய்க்கும் ஓர் இடம் கிடைத்தது. மற்ற ஆசிரியர்களுக்கு இந்த வகுப்பு வேறு, அந்த வகுப்பு வேறு. தமிழ் படிக்கிறவர்கள் மொத்தமே கொஞ்சம் பேர் என்பதால் எனக்கு இரு தரப்பும் ஒரே அறையில். முதல் வாரத்தில் யார் எந்த வகுப்பு என்று பெயர்ப்பட்டியலைப் பார்க்காமல் சொல்ல முயன்றிருக்கிறேன். முடியவில்லை. ஆங்கிலத்தில் பறக்கிற பிள்ளை தமிழில் தத்தளிக்கும். வீட்டில் பாட்டியோடு பேசிப் பழகிய பிள்ளை, எந்த வகுப்பானாலும், எழுந்து நின்று கதை சொல்லும்.

ஒரு நாள் பழைய பயிற்சித்தாள் ஒன்றைக் கொடுத்தேன். கருத்தறிதல் பகுதி. ஒரு வணிகர் அதிகாலையில் மாட்டுவண்டியில் மதுரையிலிருந்து கிளம்பி, சாயங்காலம் காஞ்சிபுரம் சேர்ந்து பட்டுப்புடவை வாங்குகிறார். கீழே ஐந்து கேள்வி. வணிகர் எங்கிருந்து கிளம்பினார், எதில் போனார், என்ன வாங்கினார்.

பின்வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். "டீச்சர், மதுரைக்கும் காஞ்சிபுரத்துக்கும் எவ்வளவு தூரம்?"

"இருக்கும், நானூறு கிலோமீட்டர்."

தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டான். "பன்னிரண்டு மணி நேரம்னு வச்சாலும் மணிக்கு முப்பத்து மூணு கிலோமீட்டர் ஓடணும். மாடா, மோட்டார் சைக்கிளா?"

வகுப்பே சிரித்தது. முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் திரும்பிப் பார்த்தாள். "வழியில மாடு மாத்தியிருந்தா?"

"மாத்தினாலும் மாடு மாடுதானே. வேகம் கூடுமா?"

"களைப்பு இருக்காதில்ல? நிக்காம ஓடும்."

"நிக்காம ஓடினாலும் முப்பத்து மூணு ஓடாது."

பாடத்தை ஓரமாக வைத்தேன். மாடு மணிக்கு நாலு கிலோமீட்டர் நடந்தால் எத்தனை நாள் ஆகும், இராத்திரி எங்கே தங்குவார், வழியில் திருடன் வந்தால் என்ன, அத்தனை செலவும் போகப் புடவையை என்ன விலைக்கு விற்றால் கட்டும் என்று அந்த இரண்டு பேரும் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அத்தனையும் தமிழில். வழக்கமாக வாய் திறக்கவே கெஞ்சவேண்டிய பிள்ளைகள். அடுத்த வாரம் திருத்திய கதையை ஆளுக்கொரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார்கள்.

கை தூக்கிய அந்தப் பையன் சாதாரண வகுப்பு. திரும்பிப் பார்த்த பெண் மீத்திறன் வகுப்பு. அவன் தேர்வில் தேறாதவன். ஆனால் அவனுக்கும் அவளுக்கும் தேவை ஒன்றாகத்தான் இருந்தது: தான் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ளாமல் மடக்கிக் கேட்க ஓர் ஆள். அவளுக்கு அந்தத் துணை காலையிலிருந்து மதியம்வரை இருந்தது. அவனுக்குத் தமிழ்ப் பாடவேளையில் மட்டும் இருந்தது. என் கருத்து உருவானது அந்த அறையில்தான். பெற்றோர் பள்ளியின் பெயரையும் பாடத்திட்டத்தையும் பார்க்கிறார்கள். பிள்ளைக்கு அதில் பாதிக்கு மேல் பக்கத்தில் உட்காருகிறவர்கள்தான். மிச்சம், வகுப்பில் அந்தப் பேச்சுக்கு இடம் விடுகிற ஆசிரியர்.

மூன்று வீடுகளைப் பற்றிச் சொன்னால் இன்னும் தெளிவாகும். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

முதலாவது, ஊட்லண்ட்ஸில் டாக்சி ஓட்டிய ஒருவரின் மகன். பள்ளியில் அவன் மேல் புகார்தான் வரும். பாடம் நடக்கும்போது குறுக்கே பேசுகிறான், ஆசிரியரைத் திருத்துகிறான், இடைவேளையில் தனியாக உட்காருகிறான். அம்மா "வயித்து வலின்னு அடிக்கடி பள்ளிக்கூடம் போகமாட்டேங்கறான் டீச்சர்" என்றார். என் கேள்விக்கு நேரான பதில் வைத்திருந்த வீடு அது. "அவனுக்குப் பேச ஆள் இல்ல." நான் யோசிக்கவே இல்லை. தூரமானாலும் போகட்டும் என்றேன். முதல் தவணை முடிந்ததும் அப்பா கூப்பிட்டார். மகன் இப்போதும் குறுக்கே பேசுகிறானாம். ஆனால் அங்கே எல்லோருமே குறுக்கே பேசுகிறார்களாம். வயிற்று வலி போய்விட்டது.

இரண்டாவது, தொடக்கநிலை 2லிருந்தே துணைப்பாட நிலையத்துக்குப் போய்த் தயாரான பெண் குழந்தை. நன்றாக உழைக்கும். சொன்னதைச் சொன்னபடி செய்யும். பழைய பள்ளியில் எப்போதும் முதலிடம். புதிய வகுப்பில் பதினெட்டாவதோ இருபதாவதோ. அங்கே பிள்ளைகளே தலைப்பு தேர்ந்தெடுத்துத் தனியாக ஆய்வு செய்யும் வேலைகள் உண்டு. இந்தக் குழந்தை "எதைப் பத்தி எழுதணும்னு சொல்லுங்க, எழுதித் தரேன்" என்று நிற்கும். யாரும் சொல்லமாட்டார்கள். அந்தத் திட்டத்தின் நோக்கமே அதுதான். என் வகுப்பில் கட்டுரைக்குக் குறிப்பு கொடுத்தால் மட்டும் முகம் தெளியும். பெற்றோர் இன்னொரு துணைப்பாட வகுப்பு சேர்த்தார்கள், இடத்தைத் தக்கவைக்க. பிள்ளையின் குறை என்ன என்று கேட்டிருந்தால், பழைய பள்ளியில் ஒரு குறையும் இருந்ததில்லை என்பது தெரிந்திருக்கும்.

மூன்றாவது, கடிதம் வந்தும் மறுத்த வீடு. பாட்டி படுக்கையில், அம்மா தாதி, இரவுநேர வேலை. தம்பியைப் பள்ளிக்கு அழைத்துப் போவது இந்தப் பையன்தான். "அவன் போயிட்டா வீடு ஓடாது" என்றார் அம்மா, வெட்கத்தோடு. வெட்கப்பட ஒன்றுமில்லை என்றேன். அவன் பள்ளியில் இ2கே கணிதம் இருந்தது. இஸ்ரேலிய நிபுணர்கள் உருவாக்கியதைத் தழுவிக் கல்வி அமைச்சு மற்றத் தொடக்கப்பள்ளிகளின் திறமையான பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த திட்டம் அது. புதிர் மாதிரி ஒரு சிக்கலைக் கொடுத்து, பிள்ளைகளே பேசிப் பேசி விதியைக் கண்டுபிடிக்கவேண்டும். அதை நடத்திய ஆசிரியர் அருமையானவர். வாரம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, விடையைத் தானாகச் சொல்லவேமாட்டார். பையன் ஓராண்டு முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியே பேசினான். அடுத்த ஆண்டு அந்த ஆசிரியருக்கு மாற்றல். புதிதாக வந்தவருக்கு ஏற்கெனவே மலை போல் வேலை. அதே நேரம், அதே அறை, அதே திட்டத்தின் பெயர். ஆனால் உள்ளே நடந்தது கடினமான தேர்வுத்தாள்களைத் தீர்ப்பது. பையனுக்கு ஆர்வம் விட்டுப்போயிற்று.

உள்ளூர்த் திட்டத்தின் பலமும் பலவீனமும் இந்த மூன்றாவது கதையில் இருக்கின்றன. நன்றாக நடந்தால் பிள்ளை தன் பேட்டையில், தன் தம்பியோடு, தன் நண்பர்களோடு இருந்துகொண்டே தேவையானது கிடைக்கும். ஆனால் அது ஓர் ஆசிரியரின் தோளில் நிற்கிறது. தனி வகுப்பு வைத்திருக்கும் பள்ளியில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பலர் இருப்பார்கள், ஒருவர் போனால் இன்னொருவர் தாங்குவார். வாரம் ஒரு மணி நேரத்துக்கும் வாரம் முழுவதுக்கும் உள்ள வேறுபாடு சின்னதில்லை.

எனக்குத் தெரிந்து மிகப்பெரிய மாற்றம் தேர்வைச் சுற்றி வந்ததுதான். ஆரம்ப ஆண்டுகளில் கடிதம் கண்டு திகைத்துப்போன பெற்றோர்தான் அதிகம். "இது என்ன டீச்சர், எங்க பிள்ளை ஏதாவது தப்புப் பண்ணிடுச்சா?" என்று கேட்டவர்கள் உண்டு. பிற்பாடு கடைத்தொகுதிகளில் மீத்திறன் தேர்வுக்கென்றே பயிற்சி வகுப்புகள் முளைத்தன. எட்டு வயதுப் பிள்ளைகள் வடிவப் புதிர்களை வகை வகையாக மனனம் செய்தார்கள். தயார்படுத்த வேண்டாம் என்று அமைச்சு சொல்லிப் பார்த்தது, கேட்பார் இல்லை. புதிய கேள்வியைப் பார்த்துப் பிள்ளை என்ன செய்கிறது என்று அறியத்தான் அந்தத் தேர்வு. பழகிய கேள்வியாக்கிவிட்டால் தேர்வு வேறெதையோ அளக்கிறது. வகுப்பில் உட்கார்ந்த சில வாரத்திலேயே ஆசிரியர்களுக்கு இது தெரிந்துவிடும். சொல்லத்தான் முடியாது.

கண் பரிசோதனைக்குப் போகும் பிள்ளைக்கு எழுத்துப் பலகையை முதல்நாளே மனப்பாடம் செய்யவைத்து அனுப்புகிற பெற்றோர் யாராவது உண்டா? கிடைக்கப்போவது பவர் சரியில்லாத கண்ணாடி என்று எல்லோருக்கும் தெரியும். இந்தத் தேர்விலும் நடந்தது அதேதான். ஆனால் கண்ணாடியைப் பதக்கம் என்று நினைத்துக்கொண்டதால் யாரும் கவலைப்படவில்லை.

பட்டப்பெயர் விவகாரமும் உண்டு. உணவகத்தில் ஒரு மேசையில் மீத்திறன் பிள்ளைகள், மற்ற மேசைகளில் மற்றவர்கள். யாரும் பிரித்து உட்காரச் சொல்லவில்லை. சேர்ந்து படிக்கிறவர்கள் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். ஆனால் ஒன்பது வயதில் "நாங்க" "அவங்க" என்ற பேச்சு வந்துவிடும். 2000களின் பிற்பகுதியில் இரு தரப்பையும் கணிசமான பாடவேளைகளில் கலக்கச் சொன்னார்கள். உடற்கல்வி, கலை, இசை, தாய்மொழி போன்றவை. கலந்த வகுப்பு தமிழாசிரியர்களான எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். வெறுமனே ஒரே அறையில் உட்காரவைத்தால் இரண்டு கூட்டமாகவே உட்காருவார்கள். அந்த மாட்டுவண்டி மாதிரி, யாருக்கும் விடை தெரியாத ஒன்றைக் கொடுத்தால்தான் கலப்பார்கள்.

பன்னிரண்டு வயதில் இதே கேள்வி மறுபடி வரும். ஆனால் அது வேறு கேள்வி. இடையில் சாதாரண நிலைத் தேர்வு எழுதாமல் தொடர்ந்து படிக்கும் ஒருங்கிணைந்த திட்டம் 2004ல் உயர்நிலைப்பள்ளிகளில் வந்தபின், அமைச்சு நடத்திய மீத்திறன் திட்டம் அந்த நிலையில் படிப்படியாக விலகி, பள்ளிகளே நடத்துவதாக மாறியது. ஒரே துறைக்கென்று பள்ளிகளும் வந்தன. 2004ல் விளையாட்டுப் பள்ளி, 2005ல் கிளமெண்டியில் கணிதத்துக்கும் அறிவியலுக்குமான என்யுஎஸ் உயர்நிலைப் பள்ளி, 2008ல் கலைப்பள்ளி. "அவன் எந்நேரமும் கணக்குப் போடறான், அங்க அனுப்பலாமா?" என்று கேட்டால், "அவன்கிட்டயே கேளுங்க" என்பேன். ஒன்பது வயதில் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று பிள்ளைக்கே தெரியாது. பன்னிரண்டில் ஓரளவு தெரியும். தனிப்பள்ளிக்குப் போய்த் தேறியவர்கள், நான் பார்த்தவரை, தாங்களே கேட்டுப் போனவர்கள். ஒன்பது வயதில் அக்கம்பக்கப் பள்ளியிலேயே இருந்துவிட்டு, பன்னிரண்டில், தனித்திறமையைப் பார்த்துச் சேர்க்கும் நேரடிச் சேர்க்கை வழியாக விரும்பிய பள்ளிக்குப் போனவர்களும் அதில் உண்டு. முதல் கதவு மூடினால் எல்லாம் மூடிவிட்டது என்று நினைக்கும் பெற்றோர்க்கு இவர்களைத்தான் உதாரணம் காட்டுவேன்.

2024 ஆகஸ்டு தேசிய தினப் பேரணியில் பிரதமர் லாரன்ஸ் வோங், மீத்திறன் திட்டம் இப்போதைய வடிவில் தொடராது என்று அறிவித்தார். அந்த ஆண்டு தொடக்கநிலை 1ல் இருந்த பிள்ளைகள் நாலாம் வகுப்புக்கு வரும்போது, அதாவது 2027ல், ஒன்பது பள்ளிகளில் தனி வகுப்பு என்பது அவர்களுக்கு இருக்காது. ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் பிள்ளைகளில் கூடுதல் திறமை உள்ளவர்களைக் கண்டறிந்து தானே கவனிக்கவேண்டும். அதற்கு மேலும் தேவைப்படுகிறவர்களுக்கு, சுமார் 15 பள்ளிகளில் பள்ளி நேரத்துக்குப் பிறகு கூடுதல் வகுப்புகள். தேர்வு ஒரே சுற்று, அதோடு ஆசிரியர்களின் கணிப்பும் சேரும். இதுவரை ஏறத்தாழ 7 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு எட்டியது 10 விழுக்காடாகக் கூடும் என்றார்கள்.

அறிவிப்பு வந்த இரவே எனக்கு அழைப்புகள். "எடுத்துட்டாங்களே டீச்சர்" என்று சிலர், "நல்லதாப் போச்சு" என்று சிலர். எனக்கு இரண்டும் தோன்றின. பேருந்து வரைந்த அந்தப் பையனும் மாட்டைக் கணக்கிட்ட பையனும் இந்த ஏற்பாட்டில் நிச்சயம் கண்ணில் படுவார்கள். தமிழ் இல்லாத நான்கு பள்ளிகளைக் கழித்துவிட்டு எண்ணும் வேலை இனி இல்லை. ஆசிரியரின் சொல்லுக்கும் மதிப்பு வருவதால் துணைப்பாட நிலையங்களின் பிடி கொஞ்சமாவது தளரும். ஆனால் ஊட்லண்ட்ஸ் டாக்சிக்காரரின் மகனை நினைத்தால் நெஞ்சு இடிக்கிறது. நாள் முழுவதும் பேச ஆளில்லாத பிள்ளைக்குப் பிற்பகல் வகுப்பு போதுமா? பள்ளி முடிந்து களைத்துப்போன நேரத்தில், இன்னொரு பள்ளிக்குப் போய் உட்காரும் பிள்ளைக்கு அது விருந்தாகவும் அமையலாம், இன்னொரு துணைப்பாட வகுப்பாகவும் ஆகலாம். எது என்பதை அமைச்சின் அறிக்கை தீர்மானிக்காது. ஒவ்வொரு பள்ளியிலும் யாரை நிறுத்துகிறார்கள், அவருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதே தீர்மானிக்கும்.

தனி வகுப்பா உள்ளூரா என்ற பழைய கேள்வி இங்கே மெல்ல மறையும். ஆனால் அதற்குள் இருந்த கேள்வி மறையாது. இப்போது கேட்கிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். பள்ளிக்குப் போங்கள். திட்டத்தின் பெயரைக் கேட்காதீர்கள், எல்லாத் திட்டத்துக்கும் அழகான பெயர் இருக்கும். நான்கு விஷயம் கேளுங்கள். யார் நடத்துகிறார், அவர் போய்விட்டால் அடுத்து யார்? வாரத்தில் எத்தனை மணி நேரம், அது பாடவேளைக்குள்ளா வெளியேயா? அந்த நேரத்துக்கு ஈடாக வழக்கமான வீட்டுப்பாடத்தில் ஏதாவது குறைக்கிறார்களா, அல்லது அதற்கு மேல் இதுவுமா? கூட உட்காரப்போகிறவர்கள் எத்தனை பேர்? நான்குக்கும் தயங்காமல் பதில் வந்தால் உள்ளூரே போதும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவே நல்லதும்கூட. "இனிமேல்தான் ஏற்பாடு பண்ணணும்" என்று பதில் வந்தால், ஒரு தவணை பொறுத்து மறுபடி போய்க் கேளுங்கள்.

அதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு வாரம் பிள்ளையிடம் மதிப்பெண் கேட்காதீர்கள். "இன்னிக்கு யார்கூடச் சண்டை போட்டே, எதுக்கு?" என்று கேளுங்கள். ஒரு கணக்குக்காக, ஒரு கதைக்காக, ஒரு பூச்சியின் கால்களுக்காக யாருடனாவது வாதாடியிருந்தால், பிள்ளை சரியான இடத்தில்தான் இருக்கிறது, விட்டுவிடுங்கள். வாதாட ஆளில்லை என்றால் தேடுங்கள். அந்த ஆள் பக்கத்துத் தெருப் பள்ளியில் இருந்தாலும் சரி, தீவின் மறுகோடியில் இருந்தாலும் சரி.